எந்த ஊரில் நன்றாக இருந்தீர்கள்?

(சென்னையின் அம்பத்தூர்ப் பகுதியில் உள்ள கள்ளிக்குப்பத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பிடித்த ஊர்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மலை, அருவி, கோபுரம் என்று பேசிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் பார்க்கப் பிடித்த ஊர் வேறு, குடியிருக்கப் பிடித்த ஊர் வேறு. ஊட்டி யாருக்குத்தான் பிடிக்காது? மழை மாதத்தில் அங்கே துணி காயவைத்தவரைக் கேட்டால்தான் ஊரின் நிலவரம் தெரியும். நான் பேச வந்தது அந்த இரண்டாவது ஊரைப் பற்றி.

கொஞ்ச காலமாகவே, அகப்பட்டவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டு வருகிறேன். இதுவரை குடியிருந்த இடங்களில் எங்கே நன்றாக இருந்தீர்கள்? ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரைக் கேட்டேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரரைக் கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர், புதூர்ப் பக்கம் தையல் கடை நடத்தும் அம்மா என்று பலரையும் கேட்டேன். பதில்களில் ஓர் ஒற்றுமை இருந்தது. இப்போது இருக்கும் வீட்டை, டைல்ஸ் போட்டு, மேலே இரண்டு மாடி எழுப்பி, பேரன் பெயர் வைத்த வீட்டை, ஒருவர்கூடச் சொல்லவில்லை. கம்பெனி குவார்ட்டர்ஸ், ஒண்டுக்குடித்தனம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு மனையில் கட்டிய முதல் அறை. அவர்கள் சொன்னதெல்லாம் இப்படி வசதி குறைந்த இடங்கள்.

உடனே நீங்கள் சொல்வீர்கள்: “அப்போ வயசு அப்படி, கல்லைத் தின்றாலும் செரித்தது.” நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஐ.சி.எஃப். பெரியவர்தான் அதை உடைத்தார். அவருடைய இருபதுகள் இரண்டு இடத்தில் கழிந்தன. முதலில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், பிறகு கல்யாணமாகி இந்தப் பக்கம். மேன்ஷனில் கடற்கரை நடந்துபோகும் தூரம், மெஸ் சாப்பாடு, பைலட், தேவி என்று சினிமாக் கொட்டகைகள். இங்கே வந்தபோது ராத்திரியில் டார்ச் இல்லாமல் வெளியே போக முடியாது. ஆனால் அவர் சொன்னது இந்த இடத்தை. “அங்கே நான் போனால் வேற ஆளு வந்து அதே கட்டில்ல படுப்பான் சார். இங்கே நான் ஒரு வாரம் ஊருக்குப் போனா மோட்டார் போட ஆளில்லாம தெருவே தேடும்” என்றார். இரண்டிலும் அவருக்கு ஒரே வயதுதான். ஆகவே இளமை என்ற பதில் போதாது.

இந்தப் பகுதிக்கு யாரும் அழகுக்காகக் குடிவரவில்லை. சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் இந்தப் பக்கத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தது தொழிற்சாலைச் சங்குக்காகத்தான். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. 1955-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1959-ல் டன்லப், அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இன்றைக்கும் பஸ் நிறுத்தங்களின் பெயரைக் கேட்டால் பழைய சம்பளப் பட்டியலைப் படிப்பது போலிருக்கும். டன்லப் ஆலை ஓடி நீண்ட காலமாகிறது. கண்டக்டர் இன்னும் “டன்லப் எல்லாம் எறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார்.

வேலை எஸ்டேட்டில். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மனை விலை கட்டாது. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து செங்குன்றம் சாலையில் வடக்கே நகர நகர விலை இறங்கிக்கொண்டே வரும். அப்படி இறங்கி வந்து இங்கே முட்டி நின்றவர்கள்தான் இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மாதத் தவணையில் அரை கிரவுண்டு. பத்திரம் கைக்கு வந்த பிறகும் வருஷக்கணக்கில் அது மூலைக்கு ஒரு கல் நட்ட வெறும் தரை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து “இங்கே சமையலறை, இங்கே பூஜை அறை” என்று செருப்பால் கோடு கிழித்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆவடிக்கு அப்பால் திருநின்றவூரில் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய ராஜா தன் குடமுழுக்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று என்று பெரியபுராணம் சொல்கிறது. அதே ரயில் பாதையில் வந்து மனை வாங்கியவர்களுக்கு அந்த வழக்கம் தொற்றியிருக்க வேண்டும். இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். நம்மைப் ‘புறநகர்’ என்பவர்களுக்குத் தெரியட்டும்: பாடி, திருமுல்லைவாயில், திருவேற்காடு மூன்றும் தேவாரம் பெற்ற தலங்கள். அண்ணா நகர் அப்போது பிறக்கவே இல்லை.

அந்த நாட்களில் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்வதற்கு அதிகமில்லை. ஒரு பக்கம் புழல் ஏரி, மறுபக்கம் கொரட்டூர் ஏரி. முள்ளுச்செடி, மண் சாலை, மழைக்காலத்தில் சைக்கிளை நாம் சுமக்க வேண்டிய சேறு. தெருவிளக்குக் கம்பம் கேட்டு மனு, ரேஷன் கடை கேட்டு மனு. கார்த்திகை மாதம் பாம்பு. இத்தனைக்கும் நடுவில் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது உங்கள் முகம் மலர்வதை நான் பார்க்கிறேன். ஏன்?

எல்லாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவர்கள். தெருவில் பழம்பெருமைக்காரர் யாருமில்லை. திருநெல்வேலிக்காரர், வட ஆற்காட்டுக்காரர், மலையாளக் குடும்பம், தெலுங்குக் குடும்பம், யாருக்கும் இங்கே தாத்தா இல்லை. அதனால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றுக்கு ஆளானார்கள். மனு எழுதத் தெரிந்தவர் எல்லார் மனுவையும் எழுதினார். வெல்டர் பள்ளிக்கூட வாசலுக்குக் கேட் அடித்தார். கம்பவுண்டர் நடுராத்திரியில் எழுப்பப்பட்டார். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. அதைக் கொஞ்ச காலமாவது நடத்திக் காட்டியவை இந்தப் பக்கத்துத் தெருக்கள்தான். கொள்கையினால் செய்யவில்லை, முனிசிபாலிட்டி எட்டிப் பார்க்காததால் செய்தார்கள்.

சங்கம் வைத்து, பிள்ளையார் கோயில் கட்டி, ஆங்கிலப் புத்தாண்டுக்குச் சாக்கு ஓட்டம் நடத்தியதெல்லாம் அதன் பிறகு வந்தவை. முதலில் வந்தது ‘நான் இல்லாவிட்டால் இந்தக் காரியம் நடக்காது’ என்ற நிலை. ஒரு மனிதனுக்கு ஓர் ஊர் இனிக்கிறதென்றால், அந்த ஊருக்கு அவன் தேவைப்படுகிறான் என்று பொருள். காற்று, நிழல், போக்குவரத்து எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவை மட்டும் இருந்த மேன்ஷனை அந்தப் பெரியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

இதை நான் ஒரு வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா வந்து ஒரு போடு போட்டார்கள். “உங்களுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, மீட்டிங் போட்டு, டீ குடிச்சீங்க. அந்த டீக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா?”

கேட்க வேண்டிய கேள்வி. புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 1870-களிலிருந்து சென்னை நகரம் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. அந்த ஏரியின் பக்கத்திலேயே குடியிருந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கும் லாரிக்கும் அலைந்தார்கள். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் கோயிலுக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது. ஊர் தங்களைத் தேடியது என்று ஆண்கள் பெருமையாகச் சொன்னார்கள். பெண்களை ஊர் தேடவில்லை, வீடுதான் தேடியது, அதுவும் ராத்திரி பகலாக. அசோகமித்திரன் ‘தண்ணீர்’ என்று ஒரு நாவலே எழுதினார். சென்னையின் ஒரு தெருவில் தண்ணீருக்காகப் பெண்கள் படும் பாடு அதில் இருக்கிறது. வாசித்தவர்கள் இந்த அம்மாவின் குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆனாலும் அந்த அம்மாவிடமே என் கேள்வியைக் கேட்டேன். எங்கே நன்றாக இருந்தீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே என்றுதான் சொன்னார்கள். காரணம் வேறு. மாமியார் வீடு செய்யாற்றுப் பக்கம். அங்கே தெருவில் இறங்கினால் யார் மருமகள் என்று பார்ப்பார்கள். இங்கே வந்துதான் சீட்டுப் பிடித்தார்கள், தையல் கற்றார்கள், கவுன்சிலரிடம் நேருக்கு நேர் பேசினார்கள், தனியாக பஸ் ஏறிப் பாடிக்குப் போனார்கள். குடம் தூக்கியது கசப்புத்தான். குடத்தோடு நின்ற வரிசையில் பழகியவர்கள் நாற்பது வருஷமாக உடன் இருக்கிறார்கள் என்பதும் நிஜம். பழைய வறுமையை இனிப்புப் பூசிப் பேசுகிறவர்கள் முதல் பாதியை மறைக்கிறார்கள். பழையது எல்லாமே கஷ்டம் என்கிறவர்கள் மறுபாதியை மறைக்கிறார்கள்.

பெரியவர்கள் வாழ்க்கையிலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன். இரண்டு பேருமே குடியிருந்த ஊரைச் சொந்த வீடு இல்லாமல் அனுபவித்தவர்கள்.

பாரதியார் புதுச்சேரியில் இருந்தது 1908 முதல் 1918 வரை. விரும்பிப் போன இடமில்லை. பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பிப் போன இடம். தெருமுனையில் ஒற்றர்கள், தபால் பிரிக்கப்படும், கையில் காசு கிடையாது. ஆனால் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அங்கே வந்தன. கூட வ.வே.சு. ஐயர் இருந்தார், 1910-ல் அரவிந்தர் வந்து சேர்ந்தார், கடல் இருந்தது, முத்தியால்பேட்டைத் தோப்பு இருந்தது. எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறவர் அவருடைய வீட்டுக்காரர், விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஊர் அழைத்த மனிதர். வாடகை கேட்க வருவார், பாட்டு நடந்துகொண்டிருக்கும், கேட்டுவிட்டு வாடகையைக் கேட்காமலே போய்விடுவார் என்று எழுத்தாளர் வ.ரா. எழுதியிருக்கிறார். இந்த மண்டபத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

இன்னொருவர் உ.வே. சாமிநாதையர். 1855-ல் பிறந்தவர், சொந்த ஊர் உத்தமதானபுரம். அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ அந்த ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அவருடைய பிள்ளைப்பருவம் ஓரிடத்தில் தங்கியதில்லை. அரியலூர், குன்னம் என்று குடும்பம் மாறிக்கொண்டே இருந்தது. தகப்பனார் சங்கீதக்காரர், நிலையான வருமானமில்லை. போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் இருக்க இடமும் அரிசியும் தந்து, பையனுக்குப் பாடம் சொல்ல ஆளும் தேடித் தந்தார். பிறகு மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். ஆசிரியரோடு திருவாவடுதுறை மடத்தில் இருந்த நாட்களை அவர் சொல்லும் விதத்தைப் படித்தால், பாடம் கேட்க முடிந்த இடமே அவருக்கு ஊர் என்று தெரியும். 1880-ல் கும்பகோணம் கல்லூரி வேலை. அதை வாங்கிக் கொடுத்தவர் தியாகராச செட்டியார். பல வருஷம் கழித்துத் திருவல்லிக்கேணியில் குடியிருந்த வீட்டுக்கு ஐயர் வைத்த பெயர் ‘தியாகராஜ விலாசம்’. அந்த வீடு 2012-ல் இடிக்கப்பட்டது. நகரத்துக்கு அந்த வீடு தேவைப்படவில்லை போலிருக்கிறது.

வெளியூர் உதாரணம் ஒன்று. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் நியூயார்க்கில் ஹட்சன் தெருவில் குடியிருந்தவர். 1961-ல் அமெரிக்க நகரங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் நகரத் திட்டக்காரர்களைக் கலங்கடித்தது. அவர் பெரிய தத்துவம் எதிலிருந்தும் தொடங்கவில்லை. தன் தெருவில் யார் எப்போது கடை திறக்கிறார், யார் நடைபாதையைப் பெருக்குகிறார் என்று பார்த்து எழுதினார். அந்தத் தெருவாசிகள் வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். இதைப் படித்தபோது எனக்கு நம் அண்ணாச்சி கடைகள் நினைவுக்கு வந்தன. கள்ளிக்குப்பத்தில் எத்தனை வீட்டுச் சாவி அந்த ஆணியில் தொங்கியிருக்கும்! அண்ணாச்சி கடன் நோட்டு வைத்திருந்தார், யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று வைத்திருந்தார், பள்ளிவிட்டு வரும் பிள்ளையை உட்காரவைக்க ஒரு ஸ்டூலும் வைத்திருந்தார். இன்று பத்து நிமிஷத்தில் பொருள் கொண்டுவரும் பையனிடம் சாவியைக் கொடுக்க முடியுமா? அவன் பெயரே நமக்குத் தெரியாது. அவனுக்கும் நம் வீட்டு எண் மட்டுமே தெரியும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ஊரின் சுகம் என்று எல்லாரும் சொல்வது கொரட்டூர் ஏரிக்காற்று. பாசனத்துக்கு வெட்டிய ஏரி. அதில் அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து மீன் செத்தது. மக்கள் இயக்கம் கட்டிப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு. ஆனால் அதே ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று ஏரி ஓரத்து வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே பல வருஷம் குடியிருந்தவர்களும் நம்மைப் போலவே மின்சாரத்துக்கு மனுக் கொடுத்துக் கம்பம் வாங்கியவர்கள்தான். ஏரியில் வீடு கட்டக் கூடாது. நான் அதை நியாயப்படுத்தவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கொரட்டூர் தெருக்களில் தண்ணீர் நின்றது. 2019 கோடையில் புழல் வற்றி வெடித்தது. இரண்டையும் பார்த்தவர்கள் ஏரியைத் தொடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏரி ஓரத்தில் குடியிருந்தவர்களுக்குப் பட்டா போல ஏதோ ஒன்றைக் காட்டி விற்றவர்கள் யாரும் வீடிழக்கவில்லை. இழந்தவர்களைக் கேட்டால், பிடித்த ஊர் என்று அந்த ஏரிக்கரையைத்தான் சொல்வார்கள்.

2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நமக்கு மண்டல எண் 7 கிடைத்தது. விளக்கு வந்தது, சாலை வந்தது. வரட்டும், அதற்குத்தானே மனுப் போட்டோம். அதோடு நமக்கு வேலையில்லாமலும் போயிற்று. மோட்டார் தானாக ஓடுகிறது. குப்பைக்கு வண்டி வருகிறது. வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பினால் போதும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடம் தூக்கும் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொன்னால் அந்த அம்மா என்னை விடமாட்டார்கள்.

என் கவலை வேறு. நாற்பது வருஷத்துக்கு முன் நீங்கள் வந்து இறங்கினீர்களே, அதே போல இன்றும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எஸ்டேட்டில் இன்று லேத் பட்டறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் மென்பொருள் கம்பெனி இருக்கிறது. அதில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் முதல் மாடியில் இருக்கிறார்கள். பட்டறைகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பிகார், அசாம் பையன்கள் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேராகப் பின்தெருவில் இருக்கிறார்கள். பத்து வருஷமாக வாடகையில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்கள் நாளைக்கு வேறெங்கோ போய், யாராவது கேட்டால், கள்ளிக்குப்பத்தைச் சொல்வார்களா?

சொல்லும்படி நாம் என்ன செய்திருக்கிறோம்? பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறோம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. அதனால் வேறு மாதிரி எழுதிக்கொள்கிறோம். ‘பேச்சுலர்களுக்கு இல்லை’ என்று டு-லெட் பலகையில் எழுதுகிறோம். பொங்கல் விழாவுக்கு வாடகைக்காரரிடம் நன்கொடை வாங்குகிறோம், மேடையில் ஏற்றுவதில்லை. என்ன சாதி என்று சுற்றி வளைத்துக் கேட்கிற வழக்கத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும். கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இந்தப் பக்கத்து நலச்சங்கங்கள் பலவற்றின் விதிகளில், உறுப்பினராக வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறோம். பெயர் குடியிருப்போர் நலச்சங்கம். குடியிருக்கிற பாதிப்பேர் அதில் கிடையாது. யாருக்கும் தேவைப்படாத மனிதராக அவர்களை வைத்துவிட்டு, ‘இந்தக் காலத்து ஆட்களுக்கு ஊர்ப்பற்று இல்லை’ என்று சொல்வது நியாயமில்லை. நமக்கு ஊர்ப்பற்று வந்தது ஊர் நம்மிடம் வேலை வாங்கியதால். அவர்களிடமும் வேலை வாங்குங்கள். அந்த மென்பொருள் பிள்ளைக்குச் சங்கக் கணக்கைக் கணினியில் ஏற்றத் தெரியும். ஒடிசாப் பையன்களில் பம்பு மெக்கானிக் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஏரிக்கரையில் மரக்கன்று நட ஆள் தேடுகிறீர்களே, பின்தெருவில் போய்க் கூப்பிட்டீர்களா?

இந்த நலச்சங்கங்கள் 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. விதியைத் திருத்த அரசாங்க உத்தரவு தேவையில்லை. பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்தால் போதும். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூட்ட 2022-லேயே விதி வந்துவிட்டது. வாக்காளராக இருந்தால் வாடகைக்காரரும் அதில் எழுந்து நின்று கேட்கலாம். அரசாங்கம் கொடுத்த இடத்தை நாம் மறுக்கலாமா? அடுத்த பொதுக்குழுவுக்கு அறிவிப்பு அடிக்கும்போது, ‘ஓராண்டுக்கு மேல் குடியிருப்பவர் எவரும் உறுப்பினராகலாம்’ என்ற ஒரு வரித் திருத்தத்தை முதல் பொருளாக வையுங்கள். எதிர்த்து வாக்களிக்க விரும்புகிறவர்களும் அவசியம் வாருங்கள். முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.